அந்த எருமை எதற்காக நடந்தது

அவருடைய இடது கைச் சுண்டுவிரல் உள்பக்கமாக வளைந்திருக்கும். சின்ன வயதில் சைக்கிள் செயினில் மாட்டிக்கொண்டது என்று என்னிடம் சொன்னார். பஷீரிடம், நாய் கடித்தது என்றார். விமலாவிடம், பிறக்கும்போதே அப்படித்தான், எங்கம்மாவுக்கும் அதே விரல்தான் என்று சொல்லியிருக்கிறார். ஒரு விரலுக்கு மூன்று கதை. நாங்கள் மூவரும் அவரிடம் வேலை பார்த்தவர்கள், நான் நான்கு வருஷம். அவரைப் பற்றி உறுதியாக ஒரே ஒரு விஷயம் சொல் என்று யாராவது கேட்டால், விரல் வளைந்திருக்கும் என்பதைத்தான் சொல்ல முடியும். ஏன் வளைந்தது என்று அப்போது கேட்டிருந்தால் எனக்குத் தலை சுற்றியிருக்கும்.

அவர் அனிமேஷன் பட டைரக்டர். நாங்கள் சார் என்போம். கரையான்சாவடி மெயின் ரோட்டில் ஒரு மெத்தைக் கடைக்கு மேலே இரண்டு அறை, ஒரு மொட்டை மாடி. அதுதான் ஸ்டுடியோ. கீழே பஞ்சு அடிக்கிற நாளில் மேலே எங்கள் கம்ப்யூட்டர் எல்லாம் வெள்ளை பூத்திருக்கும். சோற்றுக்காகக் குழந்தைப் பாட்டு வீடியோக்கள் செய்தோம். வாழைப்பழம் குதிக்கும், பஸ் கண் சிமிட்டும், அதே பஸ் அடுத்த வாரம் வேறு கலரில் வந்து கண் சிமிட்டும். மத்தியானச் சாப்பாட்டுக்கு மேல் அவருடைய சொந்தப் படம். ஒரு எருமை திருமழிசையிலிருந்து கிளம்பி நெடுஞ்சாலை ஓரமாகவே நடந்து போகிற படம். வசனம் கிடையாது. இருபது நிமிஷம்தான் ஓடும். நான் வேலைக்குச் சேர்வதற்கு முன்பே அதற்காக மூன்று வருஷம் வரைந்திருந்தார்கள்.

அவருக்கு இருந்த பைத்தியம் கனத்தின் மேல். "திரையில இருக்கறது எல்லாம் வெறும் கோடு. கனம் நாம குடுத்தாத்தான் உண்டு" என்பார். வேலை கேட்டுப் போன அன்று, தண்ணீர்க் குடம் தூக்கி நடக்கிற பெண்ணின் பாதங்களை மட்டும் வரையச் சொன்னார். குடம் படத்தில் வரக்கூடாது, ஆனால் அது நிறைகுடம் என்று பாதத்தைப் பார்த்தே தெரிய வேண்டும். எருமை நடையை எங்களுக்குக் காட்டுவதற்காக ஒருநாள் கீழேயிருந்து சுருட்டிய மெத்தை ஒன்றை வாங்கி வந்து முதுகில் கட்டிக்கொண்டு, மொட்டை மாடியில் கையையும் காலையும் ஊன்றி நடந்தார். ஐம்பது வயது மனிதர். பேன்ட் முட்டி கிழிந்துபோனது. மெத்தைக் கடை பாய் படியேறி வந்து இடுப்பில் கை வைத்துக்கொண்டு நின்றார்.

"இன்னா சார் இது, படுக்கறதுக்குக் குடுத்தா முதுவுல ஏத்திகினு சுத்துற?"

"பாய், இது மெத்த இல்ல, ஒடம்பு. நீ சும்மா கெட. பின்னங்காலு எப்ப எழும்புதுன்னு மட்டும் பாத்துகினு இரு."

பாய் உண்மையிலேயே உட்கார்ந்து பார்த்தார். கொஞ்ச நேரம் கழித்து, "ரைட்டு காலு லேட்டா வர்து சார்" என்று திருத்தம் வேறு சொன்னார். அன்றிலிருந்து அந்தப் படத்தில் தனக்கும் பங்கு உண்டு என்ற நினைப்பு பாய்க்கு வந்துவிட்டது.

பாயிடம் பேசும்போது அவர் இப்படி 'பாத்துகினு' என்பார். தென்காசியிலிருந்து வந்து அம்பத்தூர் ஹாஸ்டலில் தங்கியிருந்த விமலாவிடம், "ஏளா, சாப்ட்டியா?" என்பார். தென்காசிக்காரர்தான் என்று அவள் சத்தியம் செய்வாள். நான் ஆவடி சேக்காட்டுப் பெண், ரயிலும் பஸ்ஸுமாக அலைகிறவள். என்னிடம் என் அப்பா பேசுகிற மாதிரியே பேசுவார். நடிப்பு என்று அப்போது தோன்றவில்லை. யாருக்கு எது காதில் இனிமையாக விழுமோ அது அவர் வாயில் தானாக வரும்.

சேர்ந்த இரண்டாவது மாதம் என்னை பஸ்ஸில் திருமழிசைக்கு அழைத்துப் போனார். தொழிற்பேட்டைச் சுவருக்கு வெளியே, ஒரு கொம்பு ஒடிந்த எருமை நின்றுகொண்டிருந்தது. லாரிகள் போய்க்கொண்டிருந்தன. "காதைப் பாரு தேவி" என்றார். ஒரு காது பின்னால் திரும்பியிருந்தது.

"எதுக்கு அது பின்னாடி திரும்பியிருக்கு தெரியுமா? அதோட கன்னுக்குட்டிய மினி வேன்ல ஏத்தி வித்துட்டாங்க. வேன் போன வழியிலயே நடக்குது. ஆனா கன்னு ஊட்டுக்கே திரும்பி வந்து, பின்னாடிலேர்ந்து கூப்பிட்டா? அதான் ஒரு காத பின்னாடியே வெச்சிருக்கு. படமே இதான்." பிறகு குரலைத் தாழ்த்தினார். "இது உன்கிட்ட மட்டும்தான் சொல்றேன். கதை வெளிய போனா படம் போச்சு. பஷீர்கிட்டகூட மூச்சு விடாத."

நான் அந்த ரோட்டோரத்திலேயே அழுதுவிட்டேன். அழுத கண்ணோடு திரும்பி வந்து மூன்று மாதம் அந்தக் காதை வரைந்தேன்.

திரும்பும் பஸ்ஸில்தான் தன் பழைய வேலையைப் பற்றிச் சொன்னார். வெளிநாட்டுத் தொடர் ஒன்றுக்குப் பூனை வரைகிற வேலை. பூனை குதிக்கத் தொடங்கும் படத்தையும் குதித்து முடிக்கும் படத்தையும் அங்கே யாரோ வரைந்து அனுப்பிவிடுவார்கள். இடையில் வருகிற படங்களை மட்டும் இங்கே இவர்கள் போட வேண்டும். "பதினோரு வருஷம் அந்தப் பூனையப் போட்டேன். அது எதுக்குக் குதிக்குதுன்னு ஒருத்தனும் எனக்குச் சொல்லல. எங்கிட்ட வேலை செய்யறவங்க யாரும் கதை தெரியாம ஒரு கோடு போடக்கூடாது" என்றார். கேட்ட எனக்கு அவர் மேல் பெரிய மரியாதை வந்தது. அந்தப் பதினோரு வருஷமாவது நிஜமா என்று இப்போது எனக்குத் தெரியாது.

இரண்டு வருஷம் கழித்து பெங்களூரில் ஒரு பெரிய ஸ்டுடியோவில் எனக்கு வேலை கிடைத்தது. அங்கே செய்கிற படங்கள் தியேட்டரில் ஓடும், பெயர் போடுவார்கள். அப்பா ஆவடி மார்க்கெட்டில் நீல நிற சூட்கேஸ் வாங்கி வந்து நடுக்கூடத்தில் வைத்துவிட்டார். நான் சாரிடம் சொன்னேன். அவர் என்னை மொட்டை மாடிக்குக் கூப்பிட்டார். தண்ணீர்த் தொட்டியின் நிழலில் நின்றோம்.

"போறதுன்னா போ தேவி, நான் தடுக்கல. ஆனா ஒண்ணு கேட்டுக்க. இந்த வேலைல நான் பாக்காத கை இல்ல. கனத்தக் காட்டத் தெரிஞ்ச கை ரெண்டே ரெண்டுதான் பாத்திருக்கேன். ஒண்ணு எனக்குச் சொல்லிக் குடுத்தவரோடது. அவர் செத்துட்டார். இன்னொண்ணு உன்னோடது. இது உன்கிட்ட மட்டும்தான் சொல்றேன்."

எனக்கு அப்போது இருபத்தைந்து வயது. அதற்கு முன்பு யாரும் என் கையைப் பற்றி எதுவும் சொன்னதில்லை. நான் போகவில்லை. "அந்தாளு இன்னாடி மந்திரம் போட்டான்?" என்று அப்பா கேட்டார். விலைச் சீட்டைக்கூடப் பிய்க்காமல் சூட்கேஸைப் பரணில் ஏற்றினார். ஒரு மாதம் என்னோடு சரியாகப் பேசவில்லை.

குட்டு உடைந்தது ஒரு காதால்தான். படத்தில் பஷீர் வரைந்த ஷாட் முடிகிற இடத்தில் என் ஷாட் தொடங்கும். அவன் எருமை கடைசியில் எப்படி நிற்கிறதோ, என் எருமை அப்படியே தொடங்க வேண்டும். தொடங்கவில்லை. அவன் எருமைக்குக் காது இரண்டும் முன்னால் விறைத்திருந்தது. என் எருமைக்கு ஒரு காது பின்னால். மாற்று என்று அவனிடம் நான் சொல்ல, நீ மாற்று என்று அவன் சொல்ல, டீக்கடை வரைக்கும் சண்டை வந்துவிட்டது. பஷீர் பூந்தமல்லிக்காரன், வாய் கொஞ்சம் நீளம்.

"இன்னாமே காது பின்னால பாக்குது? பயந்துகினு ஓட்றது முன்னாடி தான கேட்டுகினு போவும்?"

"பயமா? அது எதுக்குடா பயப்படணும்?"

பஷீர் சுற்றும் முற்றும் பார்த்தான். "யார்கிட்டயும் சொல்லாத. கறிக்கு ஏத்திகினு போற வண்டிலேர்ந்து குதிச்சி ஓடியாந்துக்குது. சார் என்கிட்ட மட்டும்தான் சொல்லிக்கீறாரு."

என் கையில் டீ இருந்தது. குடிக்கத் தோன்றவில்லை. "அது கன்னுக்குட்டியத் தேடிப் போகுதுடா" என்றேன்.

விமலா எங்கள் இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தாள். "உங்களுக்கு என்ன கிறுக்கா புடிச்சிருக்கு? அது செம்பரம்பாக்கம் ஏரில குளிக்கப் போவுது. வெயில் தாங்காம ஜாலியாக் கிளம்பிப் போவுது. என்கிட்ட சொன்னாங்களே!"

மறுநாள் காலை ஸ்டுடியோவுக்குப் போகாமல் மூவரும் திருமழிசைக்கு பஸ் ஏறினோம். தொழிற்பேட்டைச் சுவரோரம் ஏழெட்டு எருமைகள் நின்றன. ஒரே சமயத்தில் மூன்று பேரும் அந்தக் கொம்பு ஒடிந்ததைத்தான் கை காட்டினோம். எங்களைத் தனித்தனியாக அழைத்து வந்து ஒரே எருமையைக் காட்டியிருக்கிறார். பக்கத்தில் பால் கேன் கழுவிக்கொண்டிருந்தவர்தான் அதன் சொந்தக்காரர்.

"அண்ணே, இதோட கன்னுக்குட்டிய வித்துட்டீங்களா?" என்று கேட்டேன்.

"கன்னா? இது கன்னே போட்டதில்லமா. அதான் எனக்குக் கவல."

"கறிக்கு ஏத்தனீங்களா அண்ணாத்தே?" என்றான் பஷீர்.

"இன்னா நைனா, பாத்தா டீசண்டா கீற, கறிகிறின்னு கேக்கற?"

"ஏரில குளிக்கப் போகுமா?" விமலா விடவில்லை.

"ஏரி எங்க கீது, இது எங்க கீது? டெய்லி அந்தாண்ட கேன்டீன் பின்னால எலை போடுவாங்க. துன்னுட்டு வரும்."

பஷீர் சிரித்துச் சிரித்துத் தரையில் உட்கார்ந்துவிட்டான். விமலாவும் சிரித்தாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. பிறக்காத கன்றுக்காக மூன்று மாதம் அழுது வரைந்திருக்கிறேன். அதுகூடப் பரவாயில்லை என்று நினைத்துக்கொண்டேன். எருமைக் கதை என்னவாகவும் இருந்துவிட்டுப் போகட்டும், மொட்டை மாடியில் சொன்னது நிஜமாக இருந்தால் போதும். திரும்பும் பஸ்ஸில் அதை அவர்களிடம் சொன்னேன். பஷீரின் சிரிப்பு நின்றது.

"ரெண்டு கைன்னாரா? செத்துப்போன வாத்தியார் கை ஒண்ணு, இன்னொண்ணு…"

"ஆமா."

அவன் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டான். "மாமா கூட துபாய் போறேன்னு நான் சொன்னப்ப என்னாண்டயும் அதான் சொன்னாரு. அதே டேங்காண்ட நிக்க வெச்சி."

மாடிப்படியை நான் எப்படி ஏறினேன் என்று எனக்கு நினைவில்லை. அவர் திரையில் எருமையின் வாலைச் சரிசெய்துகொண்டிருந்தார். மூன்று பேரும் முன்னால் போய் நின்றோம். நான்தான் கத்தினேன். எது சார் நிஜக் கதை என்று கேட்டேன். அவர் வெட்கப்படவும் இல்லை, கோபப்படவும் இல்லை. மூன்று பேருக்கும் ஒரே நாளில் தெரிந்துவிட்டதே என்ற வருத்தம் மட்டும் முகத்தில் இருந்தது.

"உங்க எருமைங்க மூணும் உசுரோட இருக்கா இல்லியா? அதப் பாருங்க" என்றார். பிறகு என்னைப் பார்த்து, "தேவி, நீ மட்டும் இரு. உனக்கு நிஜத்தச் சொல்றேன்" என்றார்.

'மட்டும்' என்ற சொல் காதில் விழுந்ததும் எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது. "எனக்கு மட்டும் எதுவும் சொல்லாதீங்க சார்" என்று பையை எடுத்துக்கொண்டு இறங்கிவிட்டேன். அவர் என்ன சொல்லியிருப்பார் என்று இன்று வரை தெரியாது. இருந்து கேட்டிருக்கலாம் என்று ஒரு நாள் தோன்றும். கேட்டிருந்தால் நான்காவதாக ஒரு கதை கிடைத்திருக்கும், அவ்வளவுதானே என்று மறுநாள் தோன்றும்.

பெங்களூரில் அந்த இடம் எப்போதோ நிரம்பிவிட்டிருந்தது. இப்போது அம்பத்தூர் எஸ்டேட்டில் ஒரு அலுவலகத்தில் இருக்கிறேன். மெஷின் ஓட்டுகிறவர்களுக்கான பயிற்சி வீடியோ செய்கிறோம். கையுறை போட்ட கை ஒன்று வந்து பச்சைப் பட்டனை அழுத்தும். அந்தக் கையை நான்தான் அசைக்கிறேன். நன்றாக இருக்கிறது என்று மேனேஜர் பாராட்டினால் எனக்கு எரிச்சல் வருகிறது. இவருக்கு என்னிடம் என்ன ஆகவேண்டும் என்றுதான் புத்தி போகிறது. பாராட்டை அப்படியே வாங்கிக்கொள்கிற பழக்கம் அந்த மாடியோடு போய்விட்டது. சில நாள் மதிய இடைவேளையில் ஒரு காகிதத்தை எடுத்து, குடம் தூக்கிய பாதங்களை வரைவேன். கனம் இருக்கிற மாதிரியும் இருக்கும், இல்லாத மாதிரியும் இருக்கும். எனக்கே தெரிவதில்லை.

போன மாதம் பஷீர் போன் செய்தான். சார் போய்விட்டார், மாரடைப்பு. பஷீர் கடைசி வரை அவரிடம்தான் இருந்தான், துபாய்க்குப் போகவில்லை. பதினாறாம் நாள் காரியம் முடிந்த கையோடு, பூந்தமல்லியில் ஒரு சின்ன ஹாலில் அந்தப் படத்தைப் போட்டுக் காட்டினார்கள். முடிந்த வரைக்கும் இருக்கிற படம். பாதி தூரத்துக்குச் சத்தமே கிடையாது. முன்வரிசையில் மெத்தைக் கடை பாய் உட்கார்ந்திருந்தார்.

நாங்கள் வரைந்த காதுகளை சார் திருத்தவே இல்லை. பஷீரின் எருமை காதை விறைத்துக்கொண்டு ஓடி வருகிறது. என் ஷாட்டில் திடீரென்று ஒரு காது பின்னால் போகிறது. விமலாவின் ஷாட்டில் இரண்டு காதும் தொங்கித் தொங்கி ஆடுகின்றன. தப்புத்தான். ஆனால் பார்க்கும்போது தப்பாகத் தெரியவில்லை. ஏதோ நினைத்து, அதை மறந்து, வேறு ஏதோ நினைத்துக்கொண்டு நடக்கிற எருமை அது. எதற்காக நடக்கிறது என்று அதை வரைந்த எனக்கே புரியவில்லை. "ரைட்டு காலு இப்ப கரீட்டா கீது" என்று பாய் சத்தமாகச் சொன்னார். கடைசி ஷாட் சாரே வரைந்தது, வெறும் பென்சில் கோடு. எருமை ரோட்டு வளைவில் நின்று நம் பக்கம் திரும்பிப் பார்க்கிறது. அதோடு படம் நின்றுவிட்டது.

வெளியே வந்தபோது சாருடைய மனைவி என் கையைப் பிடித்துக்கொண்டார். அவருக்கு மாமன் மகள். ஸ்டுடியோவில் ஒன்றிரண்டு முறை பார்த்திருக்கிறேன்.

"தேவிதான நீ? மாமா உன்னப் பத்தி நெறையச் சொல்லும்மா."

"என்ன சொல்வாரு அக்கா?"

"இனிமே சொன்னா இன்னா. உனக்கு பெங்களூர்ல வேல கெட்ச்சுதுல்ல, அன்னிக்கு ஊட்டுக்கு வந்து சோறு துன்னாம ஒக்காந்துகினு இருந்துச்சு. இன்னான்னு கேட்டா, 'அந்தப் பொண்ணுக்குக் கை இன்னும் வரல. அங்க போனா ஒரே மாசத்துல திருப்பி அனுப்பிடுவாங்க, தாங்காது பாவம். இன்னும் ரெண்டு வருசம் எங்கிட்ட இருந்தா தேறிடும்'னுச்சு. அவ்ளோ அக்கற உன் மேல."

அன்பாகத்தான் சொன்னார். கை இன்னும் வரவில்லை. அப்படியானால் இத்தனை வருஷம் நான் எதை நினைத்து ஏங்கினேன், எதற்காக அவரைத் திட்டினேன்?

"வேற யார்கிட்டயும் இத சொல்லிச்சாக்கா?"

"சேச்சே. யார்கிட்டயும் மூச்சு உடாதன்னுச்சு. எங்கிட்ட மட்டும்தான் சொல்றேன்னுச்சு."

அதைக் கேட்டதும் எனக்கு மூச்சு திரும்பி வந்தது. அந்தச் சமயத்தில் ஸ்டுடியோவில் ஆள் குறைக்கச் சொல்லி அவரை நெருக்கிக்கொண்டிருந்ததே இந்த அக்காதான் என்று பஷீர் சொல்லியிருக்கிறான். போனால் நிலைக்க முடியாத பெண் என்றால், அவளை அனுப்பிவிடுங்கள் என்று சொல்ல அக்காவுக்கு மனசு வருமா? இவருக்கும் ஒரு எருமையைக் காட்டியிருக்கிறார். அல்லது இவர் ஒருவரிடம்தான் நிஜத்தைச் சொல்லியிருக்கிறார். நான் அங்கேயே நின்று இரண்டையும் மாற்றி மாற்றி நினைத்துப் பார்த்தேன். இரண்டும் அவர் குரலிலேயே கேட்டது.

வேறு எதைக் கேட்பது என்று தெரியாமல் கேட்டேன். "அக்கா, அவருக்குச் சுண்டுவிரல் வளைஞ்சிருக்குமே, அது எப்படின்னு உங்ககிட்ட என்ன சொன்னாரு?"

"எங்கிட்ட சொல்றதுக்கு இன்னா கீது?" என்று அவர் என்னை வினோதமாகப் பார்த்தார். "சைக்கிள் செயின் கழண்டுகிச்சுன்னு மாமா மாட்டிகினு இருந்துச்சு. நான் வெளாட்டா பெடலச் சுத்திட்டேன். எனக்கு அப்ப ஏழு வயசு. என் கண்ணு முன்னாடி நடந்தது."

நான் அவர் தோளில் முகத்தை வைத்து அழுதேன். சாரை நினைத்து அழுகிறேன் என்று எண்ணி என் முதுகைத் தடவிக்கொடுத்தார். பஷீருக்கு நாய், விமலாவுக்குப் பிறவி. எனக்குச் சொன்னதுதான் நிஜம். விரல் விஷயத்தில்.